கொலு பொம்மைகளை ஒளிப்படம் எடுத்தல்

கொலு பொம்மைகளை ஒளிப்படம் எடுத்தல் என்பது, நவராத்திரிக் கொலுவில் வைக்கப்படும் வண்ணம் தீட்டிய சுடுமண், காகிதக்கூழ், மரப் பொம்மைகளை வீட்டினுள்ளோ பட்டறையினுள்ளோ கிடைக்கும் குறைந்த ஒளியில், நிறம் மாறாமல் படமாக்கும் முறையாகும். கொலு பெரும்பாலும் மாலையில்தான் களைகட்டுகிறது. புரட்டாசி மாதத்தில் ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அதன்பின் இருப்பது குழல்விளக்கு, சீரியல் பல்புகள், குத்துவிளக்கின் சுடர் ஆகியவையே. இவை மூன்றும் வெவ்வேறு நிறம் கொண்ட ஒளிகள் என்பதே இதிலுள்ள முதன்மையான இடர்ப்பாடு.

காஞ்சிபுரமும் பொம்மைகளும்

பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரம், கொலு பொம்மைகளுக்கும் பெயர்பெற்ற ஊராகும். வரதராசப் பெருமாள் கோயில் அமைந்துள்ள சின்ன காஞ்சிபுரத்தில் உள்ள அஸ்தகிரி தெரு, பொம்மைக்காரத் தெரு என்றே வழங்கப்படுகிறது. இங்கு களிமண்ணை அச்சில் அழுத்தியும் காகிதக்கூழைக் கொண்டும் பொம்மைகள் செய்து வண்ணம் தீட்டுகின்றனர். அத்திவரதர் 1979ஆம் ஆண்டுக்குப் பின் 40 ஆண்டுகள் கழித்து, 2019 சூலை 1 முதல் ஆகத்து 17 வரை காட்சியளித்தார். அந்த ஆண்டு நவராத்திரியில் அத்திவரதர் பொம்மைகளைப் பலரும் தேடி வாங்கினர். நாளொரு நிறப் பட்டில் காட்சியளித்த பெருமாள் என்பதால், பொம்மையின் ஆடை நிறத்துக்கும் மதிப்பு இருந்தது.

பொம்மை செய்வோருக்கு ஆண்டு முழுவதும் வேலை, விற்பனையோ சில வாரங்களில். இன்று வெளியூர் வாங்குவோர் பலர் கைப்பேசியில் வரும் படத்தைப் பார்த்தே பொம்மையைத் தேர்ந்தெடுக்கின்றனர். படத்தில் பச்சையாகத் தெரிந்த இராமர் வீட்டுக்கு வந்தபின் நீலமாக இருந்தால், பழி செய்தவர் மீதுதான் விழும். வீடுகளிலும் படத்திற்குத் தேவை உண்டு. பாட்டி காலத்துப் பொம்மைகள் உடைகின்றன, சாயம் உதிர்கின்றன, பாகப்பிரிவினையில் செட்டு கலைகிறது. மீண்டும் வண்ணம் தீட்டக் கொடுக்கும்போது, பழைய நிறம் எது என்று சொல்ல நல்ல படம் ஒன்றே சான்று.

ஒளியின் நிறம்

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகால் குறிப்பர். எண்ணெய் விளக்கின் சுடர் ஏறத்தாழ 1,900 கெல்வின், பழைய குண்டு பல்பு ஏறத்தாழ 2,700 கெல்வின், நண்பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5,500 கெல்வின். எண் குறையக் குறைய ஒளி மஞ்சளும் சிவப்புமாகும். சுடரொளியில் நீலக் கூறு மிகக் குறைவு. ஆகவே கண்ணனின் நீலம் அதில் கருத்துப் போகிறது, பச்சையும் நீலமும் ஒன்றோடொன்று குழம்புகின்றன. பட்டுச்சேலை வாங்குவோர் அதைக் கடைவாசலுக்கு எடுத்துச்சென்று விரித்துப் பார்ப்பதும் இதே காரணத்தால்தான்.

மனிதக் கண் இந்த வேறுபாட்டைத் தானே ஈடுசெய்துகொள்ளும். கேமராவுக்கு அதைச் சொல்லித் தரவேண்டும். அதற்கான அமைப்பே வெண்சமநிலை. பொம்மைக்கு அருகில் வெள்ளைத் தாள் ஒன்றை வைத்துப் படமெடுத்து, அதை வெள்ளையாகக் கொள்ளுமாறு கேமராவை அமைத்தால் மற்ற நிறங்கள் சரியாகும். ஆனால் ஒரே நேரத்தில் குழல்விளக்கும் சுடரும் எரிந்தால் எந்த அமைப்பாலும் இரண்டையும் சரிசெய்ய இயலாது. நிறத்தைப் பதிவுசெய்ய வேண்டுமானால் ஒரே வகை விளக்கை மட்டும் எரியவிட வேண்டும். கொலுவின் அழகைக் காட்ட வேண்டுமானால் சுடரின் மஞ்சளை அப்படியே விட்டுவிடலாம். இரண்டு நோக்கங்களுக்கும் இரண்டு படங்கள் எடுப்பதே நல்லது.

விலை குறைந்த எல்.இ.டி. விளக்குகள் சிலவற்றில் ஆழ்சிவப்புக் கூறு குறைவு. அவற்றின்கீழ் குங்குமச் சிவப்பு மங்கித் தெரியும். மேலும் சில விளக்குகள் நம் நாட்டின் 50 எர்ட்சு மின்னோட்டத்தில் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டர் வேகம் மிக அதிகமானால் படத்தில் கருங்கோடுகள் விழும். 1/50 அல்லது 1/100 விநாடியில் எடுத்தால் அவை மறையும்.

நீண்ட ஒளிபடு நேரம்

குழந்தையையோ பறவையையோ குறைந்த ஒளியில் எடுப்பது கடினம். பொம்மை அசையாது என்பது இங்கே பெரிய வசதி. எடுத்துக்காட்டாக, ஓர் அறையில் ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப்/2.8 என்ற அமைப்பில் 1/4 விநாடி தேவைப்படுகிறது எனக் கொள்வோம். கையில் பிடித்து 1/4 விநாடிக்கு எடுத்தால் படம் கலங்கிவிடும். ஐ.எஸ்.ஓ. எண்ணை 1600 ஆக உயர்த்தினால் 1/60 விநாடி போதும். ஆனால் படத்தில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் தோன்றும். மஞ்சள் ஒளியில் நீலப் பகுதிகளில்தான் அது முதலில் தெரியும்.

மாறாக, கேமராவை முக்காலியில் நிறுத்தி ஐ.எஸ்.ஓ. 100 ஆகவே வைத்து, துளையை எஃப்/8 எனச் சுருக்கலாம். துளை வழி வரும் ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறைவதால் நேரம் எட்டு மடங்காகி 2 விநாடி ஆகும். முன்படியும் பின்படியும் ஒருசேரத் தெளிவாக விழும். முக்காலி இல்லையெனில் நாற்காலியின் மேல் புத்தகங்களை அடுக்கினாலும் போதும். விரல் படும் அசைவைத் தவிர்க்க 2 விநாடித் தாமத அமைப்பைப் பயன்படுத்த வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுவது முக்கியம். இல்லையெனில் மரப்பாச்சியின் பட்டாடையும் பூச்சரமும் ஆடிக்கொண்டிருக்கும்.

பெரும்பாலான கைப்பேசிகளில் துளையின் அளவை மாற்ற இயலாது. அவற்றின் இரவுப் பயன்முறை, பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. இதற்கும் கைப்பேசி அசையாமல் இருக்க வேண்டும்.

பளபளப்பும் வெள்ளைத் துணியும்

பிளாஷ் விளக்கு பொம்மைகளுக்குப் பொருந்தாது. எனாமல் பூசிய கன்னத்திலும் மூக்கிலும் வெள்ளைப் பொட்டுகள் விழும், பின்சுவரில் கரிய நிழல் படியும். பக்கவாட்டில் வைத்த ஒரு விளக்கின்முன் வெள்ளை வேட்டியைத் திரைபோல் பிடித்தால் ஒளி மென்மையாகும். வேட்டி விளக்கின் சூட்டில் படாத தொலைவில் இருக்க வேண்டும், எண்ணெய் விளக்கின் அருகே இதைச் செய்யவே கூடாது. எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் குறையும். பொன்வண்ண நகைகள் பொன்னாகத் தெரியவும் இந்த அட்டையே உதவும். எதிரொளிக்க எதுவும் இல்லாத இடத்தில் அவை பழுப்பாகவே விழும்.

கொலுப்படிகளில் விரித்த வெள்ளைத் துணி கேமராவை ஏமாற்றும். காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டு கேமரா அளப்பதால், வெள்ளை மிகுந்தால் படத்தை இருட்டாக்கிவிடும். ஒளியளவை ஏறத்தாழ ஒரு படி கூட்டி எடுக்க வேண்டும். இருண்ட பட்டறைச் சுவரின்முன் வைத்த பொம்மைக்கு இதற்கு நேர்மாறாகக் குறைக்க வேண்டும். அடர்சிவப்புப் பொம்மைகளில் சிவப்பு மட்டும் அளவு கடந்து, ஆடை மடிப்புகள் தட்டையாகிவிடுவதுண்டு. சற்றுக் குறைத்து எடுத்தால் மடிப்பும் கரையும் தெரியும்.

பதிவுக்காக எடுக்கும் படத்தில் பொம்மையின் முன்புறம், பின்புறம், அடிப்பகுதி மூன்றும் இருப்பதும், அருகில் ஓர் அளவுகோல் இருப்பதும் நலம். வாட்சப்பில் படமாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்பட்டு நுண்விவரங்கள் மறையும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் எடுத்தபடியே போய்ச்சேரும்.