பழைய பவர் ஹாக்ஸா வாங்கப் போறீங்களா? பையில ஒரு புது பிளேடு வெச்சுக்கோங்க

நம்ம ஒர்க்‌ஷாப் லேப் ஓரத்துல ஒரு மெஷின் முன்னும் பின்னும் ஆடிட்டே இரும்பை அறுக்குமே, ஞாபகம் இருக்கா? அதுதான் பவர் ஹாக்ஸா. ஃபர்ஸ்ட் இயர்ல ரெக்கார்டுல படம் வரைஞ்சதோட நானும் மறந்துட்டேன். திருத்தணியில எங்க வீட்டுப் பின்னாடி அப்பாவோட கேட், கிரில் வேலை ஷெட் இருக்கு. தடி ராடை எல்லாம் இன்னும் கையாலதான் அறுக்கறார். போன வருஷம் தோள்பட்டை வலி ஜாஸ்தியாச்சு. என் இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்டை இதுக்கே போடறதுன்னு முடிவு பண்ணேன். அந்தக் காசுக்குப் பழசுதான் வரும்.

சாப் சா வாங்கலாமேன்னு கேப்பீங்க. வேகம் உண்டு. ஆனா பொறியும் சத்தமும் வீட்டுல தாங்காது. கார்பன் அதிகமுள்ள ராடுன்னா அறுத்த முனை சூட்டுல இறுகிடும், அப்புறம் ட்ரில் பிட் இறங்காது.

எங்க ஊர்ல ஏறினா லோக்கல் ட்ரெயின் நேரா அம்பத்தூர் போகுது. 1964-ல ஆரம்பிச்ச எஸ்டேட், பழைய மெஷின் விக்கறவங்க இருப்பாங்க. முதல்ல பார்த்தது பளபளன்னு பச்சை பெயின்ட். ஓட்டிக் காட்டினாங்க, வெட்டு சாய்ஞ்சு போச்சு. "பிளேடு தேஞ்சிருக்கு தம்பி, மாத்துனா சரியாயிடும்."

இது முழுப் பொய்யும் இல்ல. மழுங்கின பிளேடும் தொளதொளன்னு மாட்டின பிளேடும் கோணலாத்தான் அறுக்கும். அதனாலதான் புது பிளேடு, ரெண்டு இஞ்ச் ராடு துண்டு, ட்ரை ஸ்கொயர் மூணையும் நான் கொண்டு போனேன். பிளேடை மாத்தி, நல்லா இறுக்கி அறுத்தோம். திரும்பவும் கோணல்தான்.

காரணம், ஃப்ரேம் ஓடற ஸ்லைடு. வருஷக்கணக்குல நடுப்பகுதிதான் அதிகம் தேயும். மெயினை ஆஃப் பண்ணிட்டு, புல்லியைக் கையால சுத்தி, ஃப்ரேமை நடுவுலயும் ரெண்டு கோடியிலயும் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி ஆடினா ஜிப் ஸ்க்ரூவை இறுக்கினா போதும். நடுவுல மட்டும் ஆடினா வாங்காதீங்க. நடுவுக்கு இறுக்கினா கோடியில சிக்கும், கோடிக்கு விட்டா நடுவுல ஆடும்.

இன்னொண்ணு, ரிட்டர்ன் ஸ்ட்ரோக்ல பிளேடு லேசா மேல தூக்கணும். தூக்கலேன்னா பல்லு இரும்பு மேலயே உரசி, புது பிளேடும் சீக்கிரம் மழுங்கிடும். மாட்டும்போது பல்லு எந்தப் பக்கம்னும் பாருங்க. கை ஹாக்ஸா தள்ளும்போது அறுக்கும், இதுல நிறைய மெஷின் இழுக்கும்போது அறுக்கும்.

அழுக்குப் பிடிச்சு நின்ன ரெண்டாவது மெஷின் நேரா அறுத்துச்சு. அதையே வாங்கிட்டேன். வண்டிக் கூலியையும் இறக்குக் கூலியையும் முன்னாடியே கணக்குல சேருங்க, நான் சேர்க்கல.

கோட்டை விட்டது மோட்டார்ல. அது த்ரீ பேஸ், எங்க வீட்டுல சிங்கிள் பேஸ். வி.எஃப்.டி. போட்டா ஓட்டலாம், ஆனா சிங்கிள் பேஸ்ல ஓடற வி.எஃப்.டி. சாதாரணமா 230 வோல்ட்தான் தரும். ஸ்டார்ல 415 வோல்ட்டுக்கு ஓடற மோட்டார்ல ஒரு வைண்டிங்குக்குக் கிடைக்கறது சுமார் 240 வோல்ட். அதனால டெல்டாவா மாத்தினா வேலை முடிஞ்சது. அதுக்கு டெர்மினல் பாக்ஸ்ல ஆறு முனை வேணும். வாங்கறதுக்கு முன்னாடி அந்த மூடியைக் கழட்டிப் பாருங்க. நான் வீட்டுக்கு வந்துதான் கழட்டினேன், மூணே ஒயர்தான் இருந்துச்சு. ஸ்டார் முடிச்சு உள்ளேயே போட்டிருக்காங்க.

இப்போ மோட்டார் வைண்டிங் கடையில இருக்கு, அடுத்த வாரம் தர்றாங்களாம். அதுவரைக்கும் அப்பா கையாலதான் அறுக்கறார்.