பட்டரியைக் குறை சொல்லுமுன் வயரைப் பாருங்கள்

வீட்டை விட்டு எழும்புகிற குடும்பம் கதவு நிலையையும் கூரைத் தகரத்தையும் கழற்றிக்கொண்டு போவதைக் கண்டிருக்கிறோம். அவற்றோடு இன்று சோலார் பலகையும் போகிறது. 1997 முதல் 2011 வரை, உலக வங்கியின் கடனுதவியோடு ஒன்றன்பின் ஒன்றாக நடந்த இரண்டு திட்டங்களின் கீழ், இலங்கையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்து வீடுகளுக்கு சோலார் பூட்டப்பட்டது. சர்வோதயத்தின் சீட்ஸ் நிறுவனமும் அதற்குக் கடன் கொடுத்தது. பிறகு மின்கம்பம் வந்த ஊர்களில் பலகைகள் கூரையில் சும்மா கிடந்தன, அல்லது கைமாறின. பலகைக்கு இருபது இருபத்தைந்து வருட ஆயுள் உண்டு. ஆகவே பழைய பலகை என்று யாரும் ஒதுக்க வேண்டியதில்லை. காணிப் பத்திரம் இன்னும் கைக்கு வராமல், தற்காலிக வீட்டில் இருப்பவருக்கு அதுதான் வெளிச்சம்.

சிக்கல் இடம் மாறும்போதுதான் தொடங்குகிறது. தம்புள்ளைப் பக்கம் வந்து குடியேறிய ஒரு வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். பழைய வீட்டில் பலகை கூரைமேலேயே இருந்தது. புதிய இடத்தில் வீட்டைச் சுற்றி மரநிழல். அதனால் வெளியில் ஒரு கம்பம் நட்டு, பலகையை அதில் ஏற்றி, பதினைந்து மீற்றர் தூரத்துக்குக் கடையில் வாங்கிய மெல்லிய இரட்டை வயரை இழுத்திருந்தார்கள். நிழலை விட்டு விலகியது மிகச் சரியான யோசனை. ஆனால் இரவு எட்டு மணிக்கே விளக்கு மங்கியது. பூட்டிக் கொடுத்தவர் பட்டரி பழுது என்றார். வெங்காயம் விற்ற காசில் புதுப் பட்டரி வாங்கினார்கள். மூன்று மாதத்தில் மறுபடியும் அதே கதை. “சுவாமி, இந்தப் பட்டரியும் செத்துப்போச்சு” என்று அந்தத் தாய் சொன்னபோது, பட்டரியை விட்டுவிட்டு வயரைத் தொட்டுப் பார்த்தேன். பென்சில் ஈயக்குச்சி பருமன்தான் இருக்கும்.

வயரும் தண்ணீர்க் குழாயைப் போலத்தான். குழாய் சிறுத்து நீண்டால் மறுமுனையில் தண்ணீர் நூலாய் விழும். 50 வாற்று பலகை ஒன்று நல்ல வெயிலில் ஏறக்குறைய 3 அம்பியர் தரும். அதை 0.75 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 15 மீற்றர் கொண்டுவந்தால், போக வர 30 மீற்றராகிறது. வழியிலேயே 2 வோல்ற் தொலைந்து போகும். 4 சதுர மில்லிமீற்றர் வயரானால் தொலைவது அரை வோல்ற்றிலும் குறைவு. மின்சாரசபையின் 230 வோல்ற்றில் 2 வோல்ற் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ற்றில் அது ஆறில் ஒரு பங்கு. வீட்டு வயரிங் வேலை நன்றாகத் தெரிந்த தம்பிமாரும் சோலாரில் தவறுவது இந்த இடத்திலேதான்.

இதில் எங்கள் உலர்வலயத்துக்கே உரிய ஒரு தொல்லையும் சேருகிறது. வெயில் கூடினால் வேலை நன்றாக நடக்கும் என்று நினைக்கிறோம். வெளிச்சம் கூடினால் அம்பியர் கூடும், உண்மைதான். ஆனால் பலகை சூடேறினால் வோல்ற் இறங்கும். முதுகில் 17 வோல்ற்றுக்கு மேல் என்று அச்சிட்ட பலகை, மதிய வெயிலில் கொதிக்கும்போது 15 வோல்ற் அளவில்தான் நல்ல வேலை செய்யும். ஈயப் பட்டரி நிரம்ப 14.4 வோல்ற் அளவு வேண்டும். 15இல் 2ஐ வயர் விழுங்கினால் மீதி 13. அதற்குமேல் ஓட்டம் மெலிந்துகொண்டே போகும். பட்டரி நிரம்புமுன் சூரியன் சாய்ந்துவிடும். இப்படி நாள்தோறும் அரை வயிற்றோடு கிடக்கும் பட்டரியின் தகடுகளில் வெள்ளையாக உப்புப் படிந்து இறுகுகிறது. பிறகு அது உண்மையாகவே செத்துப்போகிறது. பட்டரி பழுது என்றவர் பொய் சொல்லவில்லை. அதைக் கொன்றது எது என்றுதான் அவர் பார்க்கவில்லை.

கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீற்றர் போதும். மதியத்தில், பட்டரி நிரம்பாமல் இருக்கும்போது, எல்லாவற்றையும் பூட்டியபடியே வைத்து, முதலில் பலகையின் முதுகுப் பெட்டியில் வோல்ற் பாருங்கள். பிறகு சார்ஜ் கொன்ட்ரோலரில் பலகை வயர் வந்து சேரும் இடத்தில் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வயரும் முறுக்கிய மூட்டுகளும் தின்றது. அரை வோல்ற் மட்டும் பொறுக்கலாம். வயரைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டாம். ஓட்டம் இல்லாதபோது எந்த வயரும் நல்லபிள்ளைபோல 20 வோல்ற் காட்டும். நானும் முதல்நாள் அப்படி அளந்து ஏமாந்தவன்தான்.

அந்த வீட்டில் பலகைப் பக்கம் 15, கொன்ட்ரோலர் பக்கம் 13 காட்டியது. தடித்த வயர் போட்டோம். காசு போதாவிட்டால் கம்பத்தை வீட்டுக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். அல்லது அதே மெல்லிய வயரில் இன்னொரு சோடியை இணையாக இழுங்கள், இழப்பு பாதியாகும். விளக்குக்குப் போகும் வயரைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். 5 வாற்று எல்.ஈ.டி. விளக்கு அரை அம்பியர்கூட இழுக்காது. யானைக் காவலுக்குப் பரணில் கட்டும் விளக்குக்கு 1.5 வயர் இருபது மீற்றர் தூரம் தாராளம்.

இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. இரவில் கொன்ட்ரோலர் சிவப்பு காட்டி விளக்கை நிறுத்தியதும், ரீவி நாடகம் முடியவில்லையென்று வயரை நேரே பட்டரியில் கொழுவுவது. பட்டரிக்கு அது நஞ்சு. பாவனையின்றி ஓரிரு மணி நேரம் ஆறிய 12 வோல்ற் ஈயப் பட்டரி 12.7 காட்டினால் நிறைவு, 12.2 பாதி, 11.8 வெறுமை. கொன்ட்ரோலர் நிறுத்துவது அந்த வெறுமையை அண்டும்போதுதான். தண்ணீர் விடும் பட்டரியானால் காய்ச்சி வடித்த பட்டரித் தண்ணீர் மட்டும் விடுங்கள். கிணற்றுநீரும் வேண்டாம், அசிட்டும் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து எரியும் வாயு வெளிவரும். பக்கத்தில் குப்பி விளக்கோ பீடியோ கூடாது. இப்போது லிதியம் பட்டரியும் மலிந்து வருகிறது. அதற்குக் கொன்ட்ரோலரில் பட்டரி வகையை மாற்றி வைக்க வேண்டும்.

12 வோல்ற் ஆளை அடிக்காது, ஆனால் ஓலை வீட்டை எரிக்கும். பிளஸும் மைனஸும் முட்டினால் பட்டரி ஒரு கணத்தில் நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொட்டும். ஆகவே பட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் வையுங்கள். அது வெந்து போனால் செப்புக் கம்பியைச் சுற்றிவிடாதீர்கள். தோட்டத்து நீர்ப்பம்பிகளில் பல பலகைகளைத் தொடராகக் கோத்திருப்பார்கள். அங்கே நூற்றுக்கணக்கான வோல்ற் ஓடும். அதைத் தொடாதீர்கள்.

மறுபடியும் வீடு மாற நேர்ந்தால், கொன்ட்ரோலரிலிருந்து முதலில் விளக்கு வயரையும், அடுத்துப் பலகை வயரையும், கடைசியாகப் பட்டரியையும் கழற்றுங்கள். பூட்டும்போது பட்டரி முதலில், பலகை பிறகு, விளக்கு கடைசி. கழற்றும் முன்னரே ஒவ்வொரு பிளஸ் வயரிலும் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். புதிய இடத்தில் பலகையை மரநிழல் விழாத இடத்தில், தெற்குப் பார்த்து, மழைநீர் வழிந்தோடும் அளவுக்குச் சரித்து வையுங்கள். உள்ளே அறைகள் தொடராகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒரு மூலையில் தேக்கிலை விழுந்து கிடந்தாலும் முழுப் பலகையின் ஓட்டமும் குறையும். தூரம் மீதியாக இருந்தால், வயர் வாங்குமுன் ஒரு கயிறு பிடித்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.