சரக்கு மிதிவண்டியும் நாட்டாமையின் தோளும்

தெஹியோவிட்ட கடைத்தெருவில் தோட்டத் தொழிலாளி ஒருவர் வாங்கும் ஒரு கிலோ பருப்பின் விலையில், கொழும்பு புறக்கோட்டையின் நெரிசலில் லொறி காத்து நின்ற நேரத்தின் செலவும் அடங்கியிருக்கின்றது. அவிசாவளை - ஹட்டன் நெடுஞ்சாலையில் லொறி ஓடும் தூரத்தைக் குறைக்க எவராலும் இயலாது. ஆனால் பயணத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள சில நூறு மீற்றர்களில் ஏற்படும் விரயத்தைக் குறைக்க முடியும். சரக்கு ஏற்றும் மூன்று சில்லு மிதிவண்டிகள் பற்றி உலக நகரங்களில் இன்று பேசப்படுவது இதனாலேயே.

எரிபொருளை மட்டுமே நம்பியிருப்பதன் விளைவை நாம் 2022 இல் அனுபவித்தோம். அவ்வாண்டு ஜூலையில் கியூ.ஆர். முறை அறிமுகமானபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றரும் லொறிக்கு 50 லீற்றரும் மாத்திரமே ஒதுக்கப்பட்டன. அப்போது பழைய துவிச்சக்கர வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்ததை எவரும் மறந்திருக்க முடியாது.

இம்முறையின் அடிப்படை எளிமையானது. பெரிய வாகனம் நெரிசலான தெருவுக்குள் நுழையாமல் ஓரிடத்தில் பொருட்களை இறக்கிவிடும். அங்கிருந்து சிறிய வண்டிகள் கடைவாசல் வரை கொண்டு செல்லும். ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் 2012 முதல் இவ்வாறு கொள்கலன்களே சிறு களஞ்சியங்களாகப் பயன்படுத்தப்பட்டன. லண்டன் மத்திய பகுதியில் இவ்வண்டிகள் வான்களை விட சுமார் 60 சதவீதம் விரைவாக விநியோகம் செய்ததாக 2021 இல் வெளியான வெஸ்ட்மினிஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு தெரிவித்தது. மிதிவண்டியின் வேகம் இதற்குக் காரணமன்று. நிறுத்த இடம் தேடி அலையும் நேரம் மிச்சமாவதே காரணமாகும்.

புறக்கோட்டைக்கு இது முற்றிலும் புதிதுமன்று. அதன் குறுக்குத் தெருக்களிலும் பழைய சோனகத் தெருவிலும் பொருட்களை நகர்த்துபவர்கள் நாட்டாமைகளே. மலையகத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றவர்களும் அவர்களுள் உளர். தடுப்புக் கருவியற்ற கைவண்டியையும் சொந்தத் தோளையுமே அவர்கள் நம்பியிருக்கின்றனர். பற்சில்லும் பிரேக்கும் கொண்ட, தேவையெனில் சிறு மின்மோட்டார் துணைசெய்யும் வண்டி அவர்களது உடற்சுமையைக் குறைக்கும். மாறாக, லொறிக் கூலியை மிச்சப்படுத்தி அச்சுமையையும் அவர்கள் மீதே ஏற்றுவதாயின் அதனை முன்னேற்றம் எனக் கூறமுடியாது.

சென்னையின் மீன்பாடி வண்டி இதில் நமக்கு ஓர் எச்சரிக்கை. மிதித்து ஓட்டப்பட்ட அவ்வண்டிகளில் பழைய மோட்டார் சைக்கிள் இயந்திரங்களைப் பொருத்தி ஓட்டலாயினர். அவை சட்டத்துக்குப் புறம்பானவை, ஆபத்தானவையும்கூட. ஏழைத் தொழிலாளிக்குத் தகுந்த வண்டியைச் சட்டமும் சந்தையும் வழங்காதவிடத்து, அவன் தகாத வண்டியைத் தானே உருவாக்கிக்கொள்கின்றான்.

தெஹியோவிட்டவைப் பொறுத்தவரை இதன் எல்லையையும் நாம் உணர்தல் வேண்டும். கடைத்தெருவிலும் பஸ் தரிப்பிடத்தைச் சூழவும் இவ்வண்டி பயன்படும். லயன்களுக்கு ஏறும் செங்குத்தான தோட்டப் பாதைகளில், அதிலும் தென்மேல் பருவமழையில், அரிசி மூட்டையுடன் மிதிவண்டியை அனுப்புவது மனிதாபிமானமாகாது. அங்கு வேண்டியது செப்பனிடப்பட்ட வீதியே. மிதிவண்டியைக் காட்டி அப்பொறுப்பிலிருந்து எவரும் நழுவலாகாது.

எனவே கொழும்பு மாநகர சபை புறக்கோட்டைக்கு அருகே பொருட்களை இறக்கும் இடமொன்றை ஒதுக்கி, இவ்வண்டிகளுக்குரிய பாதுகாப்பு விதிகளையும் வகுத்து, முயற்சியைத் தொடங்கலாம். வண்டி நாள் வாடகைக்கு விடப்படாமல் ஓட்டுபவருக்கே சொந்தமாவது அவசியம். வட்டியில்லாக் கடன் வழங்கும் மரபு நமது முஸ்லிம் வர்த்தக சமூகத்துக்குப் புதிதன்று. அம்மரபு நாட்டாமைக்கும் கைகொடுக்குமாயின், தெருவின் நெரிசலோடு அவரது தோளின் சுமையும் குறையும். இரண்டும் சேர்ந்து குறைந்தாலே இத்திட்டம் பயனுடையதென நாம் கருதுகின்றோம்.