கோபுரத்துக்கு முதுகு காட்டி ஒரு குமிழிப் படம்

சமயபுரம் கடைவீதியில் பிள்ளைகள் சோப்புக் குமிழி விட்டு விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கு வானவில் மாதிரி ஜொலிக்கிற குமிழி, போனில் எடுத்தால் பெரும்பாலும் வெளிறிய வட்டமாகத்தான் விழும். ஏன்? கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

சோப்புத் தண்ணீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33. அந்தப் படலத்தின் மேல் நேராக விழும் ஒளியில் அதிகபட்சம் 8 சதவீதம்தான் திரும்பி வரும். மீதி ஊடுருவிப் போய்விடும். பின்னால் வெளுத்த வானமோ வெள்ளையடித்த சுவரோ இருந்தால் அந்த 8 எங்கே தெரியப்போகிறது? ஆகவே குமிழிக்குப் பின்னால் இருட்டு வேண்டும். நிழலடர்ந்த வேப்பமரம் போதும்.

அடுத்து, குமிழி ஒரு கண்ணாடி. அது காட்டுவது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதை. கோபுரம் குமிழிக்குள் விழ வேண்டுமென்றால் கோபுரத்துக்கு முதுகு காட்டி நில்லுங்கள். அப்போது இரண்டு கோபுரம் கிடைக்கும்! குமிழியின் முன்பக்கம் குவியாடி, அதில் நேரான பிம்பம். பின்பக்கம் உள்ளிருந்து பார்த்தால் குழியாடி, அதில் தலைகீழ்ப் பிம்பம்.

6 செ.மீ. விட்டமுள்ள குமிழியில் முதல் பிம்பம் முன்பரப்பிலிருந்து 1.5 செ.மீ. உள்ளே, இரண்டாவது 4.5 செ.மீ. உள்ளே. போகஸ் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கணும். கேமரா என்றால் எஃப் 8, ஷட்டர் 1/1000 நொடியில் ஆரம்பியுங்கள். போன் தானாக விட்டால் மரத்தைப் பிடித்துக்கொள்ளும். குமிழியைத் தொட்டு போகஸைப் பூட்டிவிடுங்கள்.

இனி நிறம். கடல் நீலத்தில் தண்ணீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதற்குப் பங்கு உண்டு என்று காட்டிய சி.வி. ராமன் பிறந்த திருவானைக்காவல் இங்கே பக்கத்தில்தான். குமிழியின் நிறம் வேறு வகை. படலத்தின் இரு பரப்புகளிலிருந்தும் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, சில நிறங்கள் கூடும், சில அழியும். எது கூடும் என்பதைத் தீர்மானிப்பது தடிமன். பளிச்சென்ற நிறங்கள் ஏறக்குறைய 200 முதல் 500 நானோமீட்டருக்குள். தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

தண்ணீர் கீழே வடிய வடிய உச்சி மெலியும். 100 நானோமீட்டரில் வெள்ளி நிறம், 30-க்குக் கீழே கறுப்பு. 1704-ல் வெளியான தன் ஒளியியல் நூலில் நியூட்டன் இந்தக் கறுப்பைப் பதிவு செய்தார். காற்று கலைக்காமல் இருக்கக் குமிழியைக் கண்ணாடியால் மூடி வைத்துப் பார்த்தார். வெளியில் எடுக்கும் நமக்கு அந்த வசதி கிடையாது. காற்றில் நிறங்கள் சுழிசுழியாகக் கலங்கும். அதுவும் அழகுதான்.

வெயிலில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும். காலையிலேயே போங்கள், கரைசலில் கொஞ்சம் கிளிசரின் சேருங்கள். உச்சியில் வெள்ளி தெரிந்ததும் படம் எடுத்துவிடுங்கள். கறுப்பு வந்துவிட்டால் குமிழி உடையப்போகிறது.