மண் இல்லாத அறையில் ஒரு பெட்டிக் கீரை: எப்படி, எதற்கு, எதுவரை?

மண்ணைப் பற்றியே பேசும் நம் இதழில் மண் இல்லாமல் செடி வளர்ப்பதைப் பற்றி நான் எழுதுவது சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஏன் எழுத வேண்டியதாயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழே ஒன்றேகால் ஏக்கரில் இயற்கை விவசாயம் செய்து வருகிறேன். எங்கள் வீட்டு மாடியில் ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் தம்பிகள் மூன்று பேர் குடியிருக்கிறார்கள். போன ஆடி மாதம் அவர்களில் ஒருவர் ஒரு வழுவழுப்பான விளம்பரத் தாளோடு வந்தார். "சார், ஊர்ல அப்பா இதுல இறங்கலாம்னு சொல்றார். மண்ணே வேணாமாம், தண்ணியிலேயே கீரை வளருமாம். அவங்களே திரும்ப வாங்கிக்குவாங்களாம். பத்து லட்சம் ஆகுது. நிலத்தை அடமானம் வெச்சா கிடைக்குமா?" என்று கேட்டார்.

அவருடைய அப்பா வந்தவாசிப் பக்கம் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "தம்பி, கடனைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல உன் அறையில ஒரே ஒரு பெட்டி போட்டுப் பார்ப்போம்" என்றேன். அந்தப் பெட்டி எங்கள் இருவருக்கும் சொல்லித் தந்ததுதான் இந்தக் கட்டுரை.

இது புதிய வித்தையா?

இல்லை. செடிக்கு மண்ணிலிருந்து என்னென்ன தேவை என்பதை அறிய, ஜெர்மனியில் சாக்ஸ், நாப் ஆகிய அறிஞர்கள் 1860களிலேயே உப்புகள் கரைத்த நீரில் செடி வளர்த்தார்கள். நம் நாட்டிலும் 1946லேயே ஷோல்டோ டக்ளஸ் என்பவர் டார்ஜிலிங் மாவட்டத்துக் காலிம்பாங்கில் மண்ணில்லா வளர்ப்பைச் சோதித்து, சாதாரணக் குடும்பங்களும் செய்யும்படி எளிமையாக்கினார். அதற்கு வங்காள முறை என்றே பெயர். இப்போது நாங்கள் செய்தது அதைவிடவும் எளிது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய முறை. இதில் பம்பு கிடையாது, குழாய் கிடையாது.

செடியின் வேருக்கு நீர், சத்து, காற்று மூன்றும் வேண்டும். மூடிய பெட்டியில் சத்து நீரை நிரப்பி, மேல் மூடியில் செடியைத் தொங்க விடுகிறோம். செடி நீரைக் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். இறங்கிய இடத்தில் உருவாகும் காற்று வெளியில் மேல் வேர்கள் மூச்சு விடும், கீழ் வேர்கள் நீர் குடிக்கும். இவ்வளவுதான் சூட்சுமம்.

பெட்டி

மீன் கடையில் ஐஸ் வைத்து வரும் தெர்மகோல் பெட்டி போதும். சுமார் 30 லிட்டர் பிடிக்க வேண்டும். நன்றாகக் கழுவி உள்ளே கருப்பு பாலிதீன் தாளை விரியுங்கள். வெளிச்சம் உள்ளே போனால் பாசி பிடித்துவிடும். பழைய பெயிண்ட் டப்பா, மருந்து டப்பா வேண்டவே வேண்டாம். மூடியில் ஒரு சாண் இடைவெளியில் ஆறு ஓட்டை போட்டு, அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட சிறு பிளாஸ்டிக் கப்புகளைச் செருகுங்கள். கப்பில் நிரப்பத் தென்னை நார்க்கழிவு. அதில் உப்பு இருக்கும், மூன்று தடவை நல்ல நீரில் அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே சந்து இருக்கக் கூடாது. நம் ஊரில் மூடாத நீர் என்றால் கொசு, கொசு என்றால் டெங்கு. சந்து இருந்தால் டேப் ஒட்டுங்கள். நிரம்பிய பெட்டி 30 கிலோவுக்கு மேல் இருக்கும், ஆட்டம் காணும் பலகையில் வைக்காதீர்கள்.

நீர்

மழைநீர் மிக நல்லது. போர் நீர் என்றால், வடிகட்டி பழுது பார்க்க வருபவர்கள் வைத்திருக்கும் டி.டி.எஸ். பேனாவால் அளந்து பாருங்கள். 200க்குக் கீழே இருந்தால் நல்லது, 500ஐத் தாண்டினால் வேண்டாம். ஆர்.ஓ. கருவி கழித்து வெளியே விடும் நீரும் ஆகாது, உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

சத்து

இங்கேதான் நான் முதலில் தோற்றேன். இயற்கை விவசாயி ஆயிற்றே, ரசாயன உப்பு எதற்கு என்று முதல் பெட்டியில் வடிகட்டிய பஞ்சகவ்யத்தை ஊற்றினேன். நான்காம் நாள் அறையில் நிற்க முடியவில்லை. வேர் பழுப்பாகிக் குழைந்துவிட்டது. "சார், ரூம்ல படுக்க முடியல" என்று தம்பிகள் மூவரும் கீழே வந்து நின்றார்கள்.

யோசித்துப் பார்த்தால் காரணம் தெளிவு. பஞ்சகவ்யத்திலும் மண்புழுக் குளியல் நீரிலும் உள்ள தழைச்சத்தில் பெரும்பகுதியைச் செடி அப்படியே எடுத்துக்கொள்ளாது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து நைட்ரேட்டாக மாற்றித் தர வேண்டும். அதற்கு அவை ஒட்டி வாழ இடமும் நிறையக் காற்றும் வேண்டும். அசையாத நீரில் இரண்டும் இல்லை. இருக்கும் கொஞ்சக் காற்றையும் அவை தின்று தீர்க்க, நீர் அழுகிவிடுகிறது.

ஆகவே இந்த முறைக்குக் கரையும் உப்புகள்தான் சரிப்படும். கடையில் 'ஏ', 'பி' என்று இரண்டு புட்டிகளாக விற்பார்கள். ஒன்றில் சுண்ணாம்புச்சத்து, மற்றதில் மணிச்சத்தும் கந்தகமும் இருக்கும். இரண்டையும் நேரடியாகக் கலந்தால் சுண்ணாம்பு போலத் திரிந்து அடியில் படிந்துவிடும். முதலில் ஒன்றைப் பெட்டி நீரில் ஊற்றிக் கலக்கி, பிறகு மற்றதை ஊற்றுங்கள். கலந்த பின் கீரைக்கு டி.டி.எஸ். 600 முதல் 900 வரை இருக்கலாம். கார அமில அளவு 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும், அதற்குச் சொட்டு மருந்துப் பெட்டி கிடைக்கிறது.

செடி

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது புதினாவும் பாலக்கும். புதினாத் தண்டைக் கிள்ளிச் சாதா நீரில் வைத்தாலே பத்து நாளுக்குள் வேர் விடும், பிறகு கப்பில் வைக்கலாம். பாலக் விதையை ஓர் இரவு ஊறவைத்துக் கப்பிலேயே ஊன்றுங்கள். ஒரு விதையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும், பயப்பட வேண்டாம். பார்ப்பதற்கு ஒரு விதையாக இருந்தாலும் அது பல விதைகள் சேர்ந்த கொத்து. நல்ல நாற்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். வேர் கப்புக்கு வெளியே எட்டிப் பார்த்ததும் பெட்டிக்கு மாற்றலாம். கப்பின் அடி நீரைத் தொடும் அளவுக்கு நிரப்புங்கள்.

பிறகு மட்டம் குறைகிறதே என்று பதறி மேலே வரை நிரப்பாதீர்கள். காற்றுக்குப் பழகிய வேர் மூழ்கிச் செத்துப்போகும். மிகவும் குறைந்தால் பாதி உயரம் வரை மட்டும் ஊற்றலாம். கோடையில் நீர் சூடானால் அதில் கரைந்த காற்று குறையும், வேர் அழுகும். பெட்டியைத் தரையில், நிழலான மூலையில் வைத்து ஈரச் சாக்கைச் சுற்றுங்கள்.

யூடியூபில் வீட்டுக்குள் விளக்குப் போட்டு நீரில் வளர்ப்பது என்று தேடினால், வெளிநாட்டுக்காரர்கள் கஞ்சா வளர்க்கும் வீடியோக்களும் வந்து நிற்கின்றன. மாடித் தம்பிகளில் ஒருவர் சிரித்துக்கொண்டே அதைப் பற்றிக் கேட்டார். நான் சிரிக்கவில்லை. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் கஞ்சாச் செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தெரிந்தே இடம் கொடுத்த வீட்டுக்காரருக்கும் தண்டனை உண்டு. ஒரு செடிதானே என்று விளையாட்டாகத் தொடங்கி, வேலையையும் வாழ்க்கையையும் இழக்க வேண்டாம்.

ஒளியும் கணக்கும்

ஜன்னல் வெயில் தினம் நான்கைந்து மணி நேரம் விழுந்தால் விளக்கே வேண்டாம். தம்பியின் அறையில் வெயில் இல்லை. 20 வாட் வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கு இரண்டைச் செடிக்கு ஓர் அடி மேலே கட்டினோம். தினம் 14 மணி நேரம் எரிந்தது.

இனி வங்கிக்காரன் வேலை. 40 வாட் 14 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 0.56 யூனிட். 45 நாளுக்கு 25 யூனிட். வாடகை வீட்டில் யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 200 ரூபாய். ஆறு கப்பிலிருந்து மூன்று தடவை பறித்ததில் எங்களுக்குக் கிடைத்தது முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். சத்து நீர், விதை, உழைப்பு எதையும் சேர்க்காமலே ஒரு கிலோ கீரைக்கு 250 ரூபாய்க்கு மேல் கரண்டுக்கே போய்விட்டது! என் தோட்டத்தில் அந்த வெளிச்சத்தைச் சூரியன் சும்மா கொடுக்கிறது.

ஆசைக்கும் பழக்கத்துக்கும், பூச்சிமருந்து படாத ஒரு கைப்பிடிக் கீரைக்கும் இந்தச் செலவு தகும். ஜன்னலோரம் வைத்தால் இன்னும் தகும். ஆனால் பிழைப்புக்கு? அந்தத் தாளில் இருந்த பத்து லட்சத்தை எடுத்துக்கொள்வோம். 11 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை 21,742 ரூபாய். ஒரு கட்டுக் கீரை 20 ரூபாய் என்று விற்றாலும், தவணை கட்ட மட்டும் மாதம் 1,087 கட்டு விற்க வேண்டும். அதாவது தினம் 36 கட்டு. கரண்டு, ஆள் கூலி, சத்து, வண்டி வாடகை எல்லாம் அதற்கு மேல்தான். கரண்டு போய்ப் பம்பு நின்றால் பெரிய அமைப்பில் சில மணி நேரத்தில் முழுப் பயிரும் வாடிவிடும். தவணை வாடாது.

இது இயற்கை விவசாயமா?

பூச்சிக்கொல்லி இல்லை என்பதால் பலர் இதை 'ஆர்கானிக்' என்று சொல்லி விற்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஊற்றுவது அத்தனையும் ரசாயன உப்பு. ஐரோப்பிய ஒன்றியம் மண்ணில்லா விளைச்சலுக்கு இயற்கை முத்திரை தருவதில்லை. அமெரிக்காவில் 2017 நவம்பரில் அவர்களுடைய இயற்கை விவசாயத் தர வாரியத்தில் இதைத் தடை செய்யலாமா என்று வாக்கெடுத்தபோது, 8க்கு 7 என்ற கணக்கில் தடை தோற்றது. உலகம் முழுக்க இந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நம் மனசாட்சிக்கு உட்பட்டால், மீன் தொட்டிக் கழிவை நுண்ணுயிர்கள் மூலம் சத்தாக்கும் மீன்-பயிர் முறை இயற்கைக்குச் சற்று நெருக்கமானது. ஆனால் அதற்குப் பராமரிப்பு அதிகம்.

பயிர் முடிந்ததும் மிஞ்சிய நீரை நான் குரோட்டன்ஸ் தொட்டிக்கு ஊற்றுகிறேன், என் வயலுக்கு விடுவதில்லை. இயற்கைச் சான்று வாங்கிய நிலம் வைத்திருக்கும் நண்பர்களும் விடாதீர்கள். ஏரி, வாய்க்காலில் கொட்டுவது அதைவிடத் தப்பு.

ஆனாலும் அந்தப் பெட்டிக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். செடிக்குத் தேவையான 17 தனிமங்களில் காற்றும் நீரும் தருவது மூன்று. மற்ற 14ஐயும் பெட்டியில் நாமே அளந்து, வரிசை மாறாமல் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஒன்று குறைந்தாலும் இலை மஞ்சளாகிக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. அந்த வேலையைத்தான் என் வயலில் மக்கிய எருவும் மண்புழுவும் கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்களும் சம்பளம் வாங்காமல் செய்கின்றன. மண் என்ன செய்கிறது என்பது, மண் இல்லாமல் ஒரு கீரை வளர்த்த பிறகுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

கையெழுத்துப் போடுமுன்

யாராவது இப்படிப்பட்ட திட்டத்தோடு உங்களிடம் வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். இதே அமைப்பை மூன்று ஆண்டுக்கு மேல் நடத்துகிற விவசாயி யார், அவரை நீங்கள் இல்லாமல் நான் தனியாகப் போய்ப் பார்க்கலாமா? திரும்ப வாங்கும் விலையும் அளவும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா? நீங்கள் வாங்காமல் போனால் எனக்கு என்ன ஈடு? கரண்டு பில்லைக் காட்டுவீர்களா? வாயால் வரும் பதிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஐப்பசியில் தம்பியின் அப்பா வந்திருந்தார். பெட்டி மூடியைத் தூக்கி, வெள்ளை வெளேரென்று தொங்கிய வேரை ரொம்ப நேரம் பார்த்தார். நான் எழுதி வைத்த கணக்கையும் ஒருமுறைக்கு இருமுறை படித்தார். பிறகு, "நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா இதுக்கு எதுக்கு ரெண்டு ஏக்கர் நிலத்தை எழுதிக் கொடுக்கணும்? நிலத்துலயே போட்டா வராதா?" என்றார். பத்திரம் அவர் வீட்டிலேயே இருக்கிறது. பெட்டியில் இப்போது புதினா, சமையலுக்கு மாடிக்கும் கீழ் வீட்டுக்கும் போதுமான அளவு வருகிறது.