மேகக் கணிமைச் செய்தி வரிசைகளில் பிணைய அணுகல்: அமேசான் எஸ்.க்யூ.எஸ். சேவையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மேகக் கணிமையில் இயங்கும் செய்தி வரிசையை ஒரு மென்பொருள் அணுகுவதற்குப் பிணைய வழி, அணுகல் உரிமை ஆகிய இரண்டும் தேவை. இவை வெவ்வேறு இடங்களில் அமைக்கப்படுபவை. ஒன்றை அமைத்தவுடன் மற்றொன்றும் நிறைவேறிவிட்டதாகக் கருதுவது பிழைகளுக்கு இடமளிக்கிறது. அமேசான் எஸ்.க்யூ.எஸ். சேவையைச் சான்றாகக் கொண்டு இவ்வேறுபாட்டையும், தனி வழியை அமைக்கும் முறையையும், அதில் நேரக்கூடிய இடர்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மேகக் கணிமை, செய்தி வரிசை, தனிப் பிணையம், இணைப்பு முனை, அணுகல் கொள்கை.

முன்னுரை

ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வு விண்ணப்பங்களை ஒரு வழங்கி பெறுகிறது; நுழைவுச் சீட்டுகளை மற்றொரு வழங்கி உருவாக்குகிறது எனக் கொள்வோம். இறுதி நாளில் விண்ணப்பங்கள் குவியும்போது இரண்டாவது வழங்கி திணறாதிருக்க, இரண்டிற்கும் இடையே ஒரு வரிசை வைக்கப்படுகிறது. முதல் வழங்கி செய்தியை வரிசையில் இடுகிறது. இரண்டாவது தன் வேகத்திற்கேற்ப எடுத்துக்கொள்கிறது. அமேசான் நிறுவனம் 2006-ஆம் ஆண்டு முதல் பொதுப் பயன்பாட்டிற்கு வழங்கிவரும் எஸ்.க்யூ.எஸ். இத்தகைய சேவையாகும்.

இரு வேறு வாயில்கள்

எஸ்.க்யூ.எஸ். வரிசை, பயனரின் பிணையத்திற்குள் இருப்பதில்லை. எச்.டி.டி.பி.எஸ். நெறிமுறையில், 443 என்னும் துறை எண் வழியாக, இணையத்தில் உள்ள பொது முகவரியில் அது இயல்பாக அணுகப்படுகிறது. முகவரி பொதுவானது என்பதால் வரிசை எல்லோருக்கும் திறந்திருப்பதாகப் பொருளில்லை. ஒவ்வொரு வேண்டுகோளும் மறையாக்கப்பட்டுச் செல்கிறது. அனுப்புபவரின் கையொப்பமும் உரிமையும் சரிபார்க்கப்படுகின்றன.

எனவே, வேண்டுகோள் சேவையைச் சென்றடைவது ஒரு வாயில். சென்றடைந்தபின் ஏற்கப்படுவது மற்றொரு வாயில். முதல் வாயில் அடைபட்டிருந்தால் விடையே வராது. காத்திருப்பு நேரம் கடந்து இணைப்பு முறியும். இரண்டாவது வாயில் அடைபட்டிருந்தால் 'அணுகல் மறுக்கப்பட்டது' என்னும் விடை உடனே வரும். மறுப்பு வந்தது என்பதே பிணைய வழி சரியாக உள்ளது என்பதற்குச் சான்றாகும். மறுமொழியே இல்லாதபோது உரிமைகளைத் திருத்துவதும், மறுப்பு வரும்போது துறை எண்களைத் திறப்பதும் பயனற்றவை. பின்னது பாதுகாப்பையும் தளர்த்திவிடும்.

தனி வழியை அமைத்தல்

இணையத்திற்கு வெளிவழி இல்லாத தனிப் பிணையத்தில் வழங்கி இருக்குமானால், அது பொது முகவரியை அடைய இயலாது. இதற்கென 'எண்ட்பாயிண்ட்' எனப்படும் இணைப்பு முனை உருவாக்கப்படுகிறது. எஸ்.க்யூ.எஸ். சேவைக்கு இவ்வசதி 2018-ஆம் ஆண்டில் வந்தது. இணைப்பு முனை, தனிப் பிணையத்திற்குள்ளேயே ஒரு தனி ஐ.பி. முகவரியைப் பெற்றுச் சேவைக்கு வாயிலாகிறது. இதனை அமைக்கும்போது மூன்று கூறுகள் கவனிக்கப்பட வேண்டும்.

1. பெயர்த் தீர்வு: தனி டி.என்.எஸ். வசதி இயக்கப்பட்டால், சேவையின் வழக்கமான பெயரே பிணையத்திற்குள் தனி முகவரியைச் சுட்டும். மென்பொருளில் மாற்றம் தேவைப்படாது. இதற்குத் தனிப் பிணையத்தின் டி.என்.எஸ். அமைப்புகள் இயக்கத்தில் இருக்க வேண்டும். சேவையின் பழைய வடிவ முகவரிகளுக்கு இது பொருந்தாது. அவற்றைக் கையாளும் பழைய மென்பொருள் பொது முகவரியையே நாடி நின்றுவிடும்.

2. பாதுகாப்புக் குழு: இணைப்பு முனையுடன் பிணைக்கப்பட்ட குழு, வழங்கியிடமிருந்து 443 துறைக்கு வரும் இணைப்பை ஏற்க வேண்டும். வழங்கியின் குழுவை மட்டும் திருத்தி, முனையின் குழுவை மறந்துவிடுவது எளிதில் நேரும் பிழை.

3. முனைக் கொள்கை: தனியே எழுதப்படாவிட்டால், இக்கொள்கை அனைத்துச் செயல்களையும் அனுமதிக்கும். தேவையான வரிசைகளுக்கு மட்டும் அதனைச் சுருக்குவது நன்று.

திறந்தே இருக்கும் பழைய வாயில்

தனி வழியை அமைப்பதால் பொது வழி மூடப்படுவதில்லை. அணுகல் திறவுகோல் களவுபோனால், அதனைப் பெற்றவர் உலகின் எந்த இடத்திலிருந்தும் பொது முகவரி வழியாக வரிசையைப் படிக்க முடியும். இதனைத் தடுக்க, குறிப்பிட்ட இணைப்பு முனை வழியாக வராத வேண்டுகோள்களை மறுக்கும் விதியை வரிசையின் கொள்கையில் சேர்க்க வேண்டும். 'சோர்ஸ் வி.பி.சி.இ.' என்னும் நிபந்தனை இதற்குப் பயன்படுகிறது.

இவ்விதி கூர்மையானது. வெளிப்படையான மறுப்பு எல்லா அனுமதிகளையும் மீறி நிற்கும். நிருவாகி தம் உலாவி வழியாகச் செய்யும் வேண்டுகோள் இணைப்பு முனை வழியாக வருவதில்லை. ஆகவே அவரும் தடுக்கப்படுவார். அனைவரையும் மறுக்கும் கொள்கை எழுதப்பட்டுவிட்டால், அதனை நீக்க மூலப் பயனரின் உரிமை தேவைப்படும். எஸ்.என்.எஸ். போன்ற பிற சேவைகள் வரிசைக்கு அனுப்பும் செய்திகளும் இம்முனை வழியாக வராதவையே. அவற்றிற்கு விலக்கு எழுதாவிடில், வந்துகொண்டிருந்த செய்திகள் நின்றுவிடும்.

பிழையின் விலை

எடுக்கும் வழங்கிக்கு வழி அடைபட்டு, இடும் வழங்கிக்கு வழி திறந்திருக்கும் நிலையே மிகவும் இடர் மிக்கது. விண்ணப்பித்தவருக்கு எல்லாம் சரியாக நடப்பதாகவே தோன்றும். எஸ்.க்யூ.எஸ். ஒரு செய்தியை இயல்பாக 4 நாட்களும், அமைப்பை மாற்றினால் அதிகபட்சம் 14 நாட்களும் வைத்திருக்கும், அதன்பின் நீக்கிவிடும். தோல்வியுற்ற செய்திகளுக்கான தனி வரிசையும் இங்கு உதவாது. பலமுறை எடுக்கப்பட்டும் முடிக்கப்படாத செய்திகளே அங்குச் செல்லும், ஒருமுறையும் எடுக்கப்படாதவை செல்லா. ஒரு நீண்ட விடுமுறைக்குள் நேரும் இப்பிழையால் சில மாணவர்களின் நுழைவுச் சீட்டுகள் தடயமின்றி மறைந்துபோகலாம். வரிசையிலுள்ள மிகப் பழைய செய்தியின் வயதைக் கண்காணித்து எச்சரிக்கை அமைப்பதே இதற்குக் காப்பு.

முடிவுரை

- மறுமொழி இன்மை பிணையத் தடையைச் சுட்டும். மறுப்பு உரிமைத் தடையைச் சுட்டும்.
- தனி வழியைத் திறப்பதும் பொது வழியை மூடுவதும் இரு வேறு செயல்கள்.
- தனி வழியைச் சோதித்து, விலக்குகளை எழுதிய பின்னரே மறுப்பு விதியைச் சேர்க்க வேண்டும்.
- வரிசையின் தேக்கத்தைக் கண்காணிக்காத பிணைய அமைப்பு முழுமை பெறாது.