ரிஜிஸ்தர் கலியாணம்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் கல்கத்தா நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் இருப்பது கும்மிடிப்பூண்டி. திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்த இவ்வூரில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்ட பின், வேலை தேடி நாலா திசைகளிலிருந்தும் ஜனங்கள் வந்து சேர்ந்திருக்கின்றனர். தமிழும் தெலுங்கும் முன்னரே கலந்து ஒலித்த இடத்தில் இன்று ஒரியாவும் ஹிந்தியும் கேட்கின்றன. பல ஜாதியாரும் பல மதத்தாரும் தோளோடு தோள் நின்று உழைக்குமிடத்தில், வாலிபர்களும் பெண்களும் ஒருவரையொருவர் விரும்புவது அதிசயமன்று. அவ்விதம் விரும்பிய தொழிலாளி ஒருவர் சில தினங்களுக்கு முன் நம்மிடம் வந்து, “ஐயா, கோர்ட்டில் கலியாணம் செய்துகொள்ள என்ன செலவாகும்?” என்று கேட்டார். தரகர் ஒருவர் அவரிடம் கேட்டிருந்த தொகை அவருடைய இரண்டு மாதச் சம்பளம்! அவருக்கு நாம் கூறிய பதிலையே நேயர்கள் அனைவருக்கும் இங்கே எழுதுகிறோம்.

முதற்கண், கோர்ட்டில் கலியாணம் என்று ஒன்று கிடையாது. எந்த நீதிபதியும் எவருக்கும் மணம் முடித்து வைப்பதில்லை. ஜனங்கள் அவ்வாறு சொல்வது சார்பதிவாளர் கச்சேரியில் நடைபெறும் காரியத்தையே. அங்கும் விவாகம் வேறு, பதிவு வேறு என்பதை மறக்கலாகாது. 2009-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், நடந்து முடிந்த விவாகத்தை 90 நாட்களுக்குள் பதிய வேண்டுமென்கிறது. நடவாத விவாகத்தைப் பதிவு உண்டாக்கிவிடாது. சடங்கு எதுவுமின்றிச் சான்றிதழ் மட்டும் பெற்றால் அது ஹிந்து விவாகம் ஆகாதென்று 2024-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. தரகர் வாங்கித் தரும் காகிதத்தை நம்பி இல்லறம் தொடங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

மணமக்கள் இருவரும் ஹிந்துக்களாயின், ஜாதி எதுவாயினும், நம் மாகாணத்தில் வழி மிகச் சுலபம். அண்ணாதுரை முதன்மந்திரியாயிருந்த 1967-இல் ஹிந்து விவாகச் சட்டத்தில் 7ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி புரோகிதர் வேண்டாம், அக்கினி வேண்டாம். உறவினரோ நண்பரோ முன்னிருக்க, தம் பாஷையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலும், மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் விவாகம் பூர்த்தியாகிவிடும். இதற்கு ஊரைக் கூட்டவேண்டிய அவசியமும் இல்லையென்று 2023-இல் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது. பிறகு செய்யவேண்டியது பதிவு ஒன்றே.

மதங்கள் வேறானால் 1954-ஆம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டம் இருக்கிறது. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது அந்த ஜில்லாவில் 30 நாட்கள் வசித்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருந்து, மூன்று சாட்சிகளின் முன் உறுதிமொழி கூறிக் கையெழுத்திட்டால் விவாகம் முடிந்தது. நோட்டீஸ் கொடுத்த மூன்று மாதத்துக்குள் மணம் நடவாவிடில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இவ்வளவு எளிய சட்டத்தை ஜனங்கள் ஏன் அஞ்சுகின்றனர்? அந்த முப்பது நாட்களே காரணம். நோட்டீஸைக் கச்சேரியில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுகிறார்கள். நோட்டீஸ் புஸ்தகத்தை எவரும் கட்டணமின்றிப் பார்வையிடலாம். மணமக்களின் நிரந்தர வாசம் வேறு ஜில்லாவாயின், அதன் பிரதி அங்கேயும் சென்று ஒட்டப்படுகிறது. கும்மிடிப்பூண்டியில் உழைக்கும் பெண்ணின் பெயர் அவளுடைய சொந்த ஜில்லாவின் கச்சேரிச் சுவரில் தொங்குகிறது! 2016-இல் உடுமலைப்பேட்டை வீதியில் ஜாதி மாறி மணந்த வாலிபர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட நாட்டில், இந்த நோட்டீஸ் யாருக்கு விலாசம் காட்டிக் கொடுக்கிறதென்பதை நாம் சொல்ல வேண்டுமோ?

மோசடியையும் இருதார மணத்தையும் தடுக்க நோட்டீஸ் வேண்டுமென்று சிலர் வாதிப்பர். கோயிலில் மணப்பவனுக்கு இல்லாத சந்தேகம் கச்சேரியில் மணப்பவனுக்கு மட்டும் ஏன்? அதிகாரி தஸ்தாவேஜுகளைச் சோதிக்கட்டும். சுவரில் ஒட்ட வேண்டாம். மணமக்கள் கேட்டாலொழிய நோட்டீஸைப் பிரசுரிக்க வேண்டியதில்லையென்று 2021-இல் அலகாபாத் ஐகோர்ட் கூறியது. அதையே நாடு முழுமைக்கும் சட்டமாக்குவது பார்லிமெண்டின் கடமை. அது வரையில் மணமக்கள் ஒன்றை அறிந்திருக்கட்டும்: “எங்களுக்குச் சம்மதமில்லை” என்று பெற்றோர் சொல்வது சட்டப்படி ஆட்சேபமே ஆகாது. வயது, முந்தைய விவாகம், சித்த சுவாதீனம், நெருங்கிய உறவு ஆகியவை பற்றிய ஆட்சேபங்களே செல்லும். வயது வந்த இருவர் மணக்கக் குடும்பத்தின் அனுமதி தேவையில்லையென்று 2018-இல் தீர்ப்புக் கூறிய சுப்ரீம் கோர்ட், அத்தகையோரைக் காக்க ஜில்லாதோறும் தனிப் பிரிவு அமைக்கவும் உத்தரவிட்டிருக்கிறது. பயமுறுத்தல் வந்தால் அதை நாடத் தயங்கலாகாது.

இனி, பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகாத்மாவின் குமாரர் தேவதாஸும் ராஜாஜியின் குமாரி லக்ஷ்மியும் வெவ்வேறு ஜாதியினர். தந்தையர் இருவரும் அவர்களைப் பிரித்துவிடவில்லை. ஐந்து வருஷம் காத்திருந்து மனத்தைச் சோதித்துக்கொள்ளச் சொன்னார்கள். அன்பு மாறவில்லை. 1933-இல் பூனாவில் ஆடம்பரமின்றி மணம் நடைபெற்றது. தந்தையர் ஆசி கூறினார்கள். பெரியோர் காட்டிய வழி இதுவன்றோ?

நம் தொழிலாளர் குடும்பங்களில் ஒரு நாள் விருந்துக்கும் பந்தலுக்கும் வாங்கிய கடனைப் பல வருஷம் அடைக்கிறார்கள். சட்டம் கேட்பதோ ஓர் உறுதிமொழியும் மூன்று சாட்சிகளும் மட்டுமே. அந்த மூன்று இடங்களில் இன்று பெரும்பாலும் யார் நிற்கிறார்கள்? உடன் வேலை செய்யும் நண்பர்கள்; சில சமயங்களில் தரகர் கூட்டி வந்த, முகமறியாத மனிதர்கள். அங்கே தந்தை நிற்கட்டும், தாய் நிற்கட்டும், தாய்மாமன் நிற்கட்டும். நம்மிடம் வந்த வாலிபர் புறப்படும்போது, செலவைப் பற்றிய கவலை தமக்கு நீங்கிற்று என்றார். “அப்பா மட்டும் வந்து கையெழுத்துப் போட்டால் போதும்” என்றார். அதைச் சட்டத்தால் தர முடியாது. அந்தத் தந்தைதான் தர வேண்டும்.